டவர் எரிந்தால் டிவி போகும், சரி. திரும்பி வர ஏன் இவ்வளவு நாள்?

"அண்ணாச்சி, எங்க மதினி இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ பக்கம் இருக்காங்க. 2021-ல் அங்கே ஒரு டவர் எரிந்து மாசக்கணக்கில் டிவி ஒழுங்காக வரவில்லையாம். ஒரே ஒரு டவர் போனால் ஒரு வட்டாரமே எப்படி இருட்டாகும்? பக்கத்து டவரில் பவரைக் கூட்டினால் போதாதா? நம்ம ஊரில் இப்படி நடந்தால் என்ன ஆகும்?" இதுதான் தம்பி கேட்டது. வாலாக இன்னொரு கேள்வியும் உண்டு: அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டு மொட்டை மாடியில் நிற்கிற பழைய ஆண்டெனா கம்பத்தைப் பிடுங்கி இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று. நான் 1980-களில் பாளையங்கோட்டையில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன், அந்த மாதிரிக் கம்பங்கள் எத்தனையோ நட்டவன். அதனால் எனக்கு வால் கேள்விதான் பிடித்திருந்தது. இருந்தாலும் அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மதினி சொல்வது பில்ஸ்டேல் டவர். வடக்கு யார்க்‌ஷயரில் ஆள் அரவமில்லாத ஒரு மேட்டுநிலத்தில் 1969-லிருந்து நின்றது, 314 மீட்டர் உயரம். நாம் டவர் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் தன் காலில் தானே நிற்பதுதான் டவர். இது நாலாபுறமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி நிறுத்திய ஒல்லியான எஃகுக் கம்பம், மாஸ்ட் என்பார்கள். 2021 ஆகஸ்ட் 10-ம் தேதி அதில் தீப்பிடித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் டிவி போனது, எஃப்.எம். ரேடியோவும் போனது. எஃகு எப்படி எரியும் என்று கேட்காதீர்கள். எரிவது எஃகு இல்லை, கீழேயிருக்கிற டிரான்ஸ்மிட்டரிலிருந்து உச்சி ஆண்டெனாவுக்குப் போகிற தடித்த ஃபீடர் கேபிள்களின் உறையும் காப்பும். அதில் ஓரிடத்தில் பிடித்தால் போதும், உயரமான கம்பம் புகைபோக்கி மாதிரி காற்றை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அணைக்க 300 மீட்டருக்குத் தண்ணீரை யார் பீய்ச்சுவது?

இனி முதல் கேள்வி. ஒரு டவர் எப்படி ஒரு வட்டாரத்தையே சுமக்கிறது? அது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், ஆண்டெனாவை உயரத்தில் வைத்துக்கொள்வது. டிவி அலையும் எஃப்.எம். அலையும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்துக்கு மேல் அவை தரைக்கு மேலே விலகிப் போய்விடும். வரப்பில் நிற்பவனுக்குப் பக்கத்து வயல்தான் தெரியும், பனையேறிக்கு அடுத்த ஊர்க் கோபுரமே தெரியும், அதே கணக்கு. மீட்டரில் உயரத்தை எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை போகிற தூரம் கிலோமீட்டரில் வரும். தரை சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டால் 314 மீட்டருக்கு 73 கிலோமீட்டர், 80 மீட்டருக்கு 37. தூரம் பாதியாகத்தானே குறைகிறது என்று தோன்றும், ஆனால் வட்டத்தின் பரப்பைப் பாருங்கள், கால் பங்காகிவிடுகிறது. 80 மீட்டரை எதற்கு எடுத்தேன் என்றால், பில்ஸ்டேலில் தற்காலிகமாக நட்ட கம்பத்தின் உயரம் அதுதான். அது வந்த பிறகும் பல வீடுகளில் படம் வராததற்கு இந்தக் கணக்கே போதும்.

பவரைக் கூட்டினால் என்ன என்றால், மலைக்குப் பின்னால் நிற்பவனுக்கு டார்ச்சை எவ்வளவு பிரகாசமாக அடித்தால் என்ன? பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை; மலைக்கு அந்தப் பக்கம் கேரளா எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் நடுவில் 1,868 மீட்டரில் அகத்தியர் மலை நிற்கிறது, அந்த எஃப்.எம். இந்த அடிவாரத்துக்கு இறங்குவது பெரும்பாடு. அதோடு பக்கத்து டவரின் அலைவரிசை வேறு, ஒவ்வொரு வீட்டு ஆண்டெனாவும் பில்ஸ்டேலைப் பார்த்துத் திருப்பி வைத்தது. பக்கத்து டவர் அந்த ஆண்டெனாவுக்கு முதுகுப்பக்கம் இருந்தால் எவ்வளவு பவர் விட்டும் புண்ணியமில்லை. ஆண்டெனா என்பது காது, காதைத் திருப்பாமல் கூப்பிட்டவனைக் குறை சொல்ல முடியாது.

இதில் இன்னொரு விவகாரம், பலரும் கவனிக்காதது. பள்ளத்தாக்குகளில் பெரிய டவர் எட்டாத ஊர்களுக்கென்று குட்டி ரிலே நிலையங்கள் வைத்திருப்பார்கள். அவற்றில் பலவற்றுக்குத் தனியாகக் கேபிள் கிடையாது. அவையும் உங்கள் வீடு மாதிரியே ஓர் ஆண்டெனாவை வைத்து பெரிய டவரிடமிருந்து வாங்கித்தான் மறுபடி ஒலிபரப்பும். தாய் படுத்தால் குட்டிகளும் படுத்துவிடும்.

இன்னொன்று டிஜிட்டல். அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய படத்தில் கொசு பறக்கும், நிழல் ஆடும், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். நாம் அதிலேயே முழு மேட்சும் பார்த்து முடித்திருக்கிறோம். டிஜிட்டலில் அந்த அரைகுறை இல்லை. ஓர் அளவு வரைக்கும் பளிச்சென்று வரும், அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமே இராது. இங்கிலாந்தில் அனலாக் 2012-லேயே முடிந்துவிட்டது, அதனால் மதினி வீட்டில் பாதிப் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாட்டிலைட், நெட் எல்லாம் இருக்கிறதே, அப்புறம் ஏன் இத்தனை கூச்சல் என்று இங்கிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வீட்டுக் கூரையில் ஆண்டெனா வைத்து மாதச் சந்தா இல்லாமல் பார்க்கிறவர்கள் அங்கே இன்னும் ஏராளம், அதிலும் தனியாக இருக்கிற வயசானவர்கள் அதிகம். பட்டனை அமுக்கினால் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. "நெட்டில் பாருங்கள்" என்று சொல்வது என் கடைக்கு வந்த ஒரு பெரியவரிடம் "ரேடியோ எதுக்கு, பேப்பர் வாங்கிப் படிங்க" என்று சொன்ன மாதிரி. சொன்னவன் நான்தான், வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

ஏன் அத்தனை நாள் பிடித்தது என்பதற்கு வருகிறேன். தீ பட்ட கம்பம் விழவில்லை, அதுதான் பெரிய சங்கடம். விழுந்திருந்தால் அள்ளிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். எப்போது விழும் என்று தெரியாத 314 மீட்டர் கம்பத்தின் பக்கத்தில் ஓர் ஆளையும் அனுப்ப முடியாது. கடைசியில் அக்டோபரில் வெடி வைத்துத்தான் சாய்த்தார்கள். நடுவில் தற்காலிகக் கம்பத்துக்கு இடம் வேண்டும், அந்த இடத்துக்குப் போகப் பாதை வேண்டும், அதுவோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற நிலம், பாதை விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போனது. அதுவரை மிடில்ஸ்பரோவை ஒட்டியுள்ள எஸ்டன் நாப் குன்றில் ஏற்கெனவே இருந்த சின்ன நிலையத்தைப் பலப்படுத்தி ஓட்டினார்கள். 80 மீட்டர் கம்பம் அக்டோபரில் வேலைக்கு வந்தது. 300 மீட்டர் அளவில் புதுக் கம்பம் எழும்பி, ஒலிபரப்பு பழையபடி ஆனது 2023 மே மாதம். டிரான்ஸ்மிட்டர் பெட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கி ஒரு நாளில் மாட்டிவிடலாம். உயரத்தை அப்படி லாரியில் கொண்டுவர முடியாது, தம்பி.

கம்பங்கள் விழுவது புதிதும் இல்லை. அதே யார்க்‌ஷயரில் எம்லி மூர் என்ற இடத்தில் 385 மீட்டர் மாஸ்ட் ஒன்று 1969 மார்ச் 19-ல் பனிக்கட்டி அப்பி, காற்றில் ஆடி விழுந்தது. பிறகு அங்கே ஸ்டே கம்பியே வேண்டாம் என்று 330 மீட்டரில் கான்கிரீட் கோபுரமாகவே கட்டிவிட்டார்கள். போலந்தில் கான்ஸ்டன்டினூஃப் என்ற ஊரில் 646 மீட்டரில் நின்றதுதான் அந்தக் காலத்தில் உலகத்திலேயே உயரமானது, 1991 ஆகஸ்ட் 8-ல் விழுந்தது. காற்றும் காரணமில்லை, தீயும் காரணமில்லை; பழைய ஸ்டே கம்பிகளை மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது. பராமரிப்பு வேலைதான் மாஸ்டுக்கு ஆபத்தான நேரம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது சும்மா இல்லை. நாலு பக்கமும் சமமாக இழுக்கிற வரைக்கும்தான் அது நிற்கும், ஒரு பக்கத்தைத் தளர்த்தும் அந்த அரைமணி நேரம் முழுக்க அது யோசித்துக்கொண்டிருக்கும்.

நமக்குப் பனிக்கட்டி இல்லை, ஆடிக் காற்று உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுதான் பணகுடி, வள்ளியூர் பக்கமெல்லாம் காற்றாலையாக நிற்கிறது. ஆடியில் அம்மியே பறக்கும்போது ஆண்டெனா எம்மாத்திரம்? எனக்கு வருஷத்தில் நல்ல வருமானம் அந்த ஒரு மாசம்தான்.

இதைச் சொன்னதும் அந்தக் காலத்து இலங்கை டிவி ரூபவாஹினி ஞாபகம் வருகிறது. நம்ம பக்கம் தூர்தர்ஷன் சரியாக எட்டாத நாளில், 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. பிதுருதலாகல மலை உச்சியில், 2,524 மீட்டரில் அவர்களுக்கு டிரான்ஸ்மிட்டர். திருநெல்வேலியிலிருந்து அந்த மலை ஏறத்தாழ 390 கிலோமீட்டர். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் உச்சியிலிருந்து 207 கிலோமீட்டர், நம்ம கம்பத்தின் உயரத்துக்கு இன்னொரு 13, 14 சேர்த்தாலும் 221-ஐத் தாண்டாது. கணக்குப்படி வரவே கூடாது. ஆனால் வந்தது. மன்னார் வளைகுடா மேல் காற்று அசையாமல் வெக்கையாக நிற்கிற நாட்களில் கடலுக்கு மேலே ஈரக்காற்றும் அதற்கு மேல் வறண்ட சூடான காற்றும் அடுக்காகப் படியும், அலை அதற்குள் சிக்கி, குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி பூமியின் வளைவோடு வளைந்து வந்துவிடும். காற்று கிளம்பி அடுக்கு கலைந்தால் படமும் கலைந்துவிடும். 20 அடி ஜி.ஐ. பைப், அதற்கு மேல் இன்னொரு பைப், உச்சியில் நீள ஆண்டெனா, பூஸ்டர், மூன்று பக்கம் ஸ்டே கம்பி என்று நட்டுவிட்டு வருவேன். முதல் நாள் சினிமா மாதிரி வரும், மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கடைக்கு வந்து சத்தம் போடுவார். "கம்பம் நல்லாத்தான் இருக்கு, காத்துதான் மாறிட்டு" என்றால் யார் நம்புவார்கள்? இலங்கை வானொலி கடல் தாண்டி இங்கே ராஜாவாக ஒலித்தது இந்த மாதிரி அதிர்ஷ்டத்தில் இல்லை. அது மத்திய அலை, மீடியம் வேவ் என்பார்களே, அது. உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி, அலை கடல் மேலேயே ஒட்டிக்கொண்டு அதிகம் தேயாமல் வந்துவிடும். அதன் அறிவிப்பாளர்கள் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஆனதில் உப்புக்கும் பங்கு உண்டு.

அந்தக் கரையில் ஒரு டவர் போன கதையும் இருக்கிறது. வன்னியில் கொக்காவில் என்ற இடத்தில் இருந்த ஒலிபரப்பு நிலையம் 1990-ல் போரில் அழிந்தது. அங்கே 174 மீட்டரில் புதுக் கோபுரம் திறந்தது 2011-ல். பில்ஸ்டேலுக்கு ரெண்டு வருஷமே அதிகம் என்கிறோம்.

சரி, நம்ம ஊரில் டவர் போனால்? டிவியைப் பொறுத்தவரை அநேகமாக உங்களுக்குத் தெரியக்கூட வராது. தூர்தர்ஷனே பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக நிறுத்தி, 2022 மார்ச்சுக்குள் ஒருசில இடங்கள் தவிர மூடிவிட்டது. நாங்குநேரிப் பக்கம் போகும்போது தெரிகிற அந்த ராட்சசக் கம்பங்களைக் காட்டி, அது விழுந்தால் டிவி போகுமா என்று பலர் கேட்பார்கள். அது விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், தண்ணீருக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அலைவரிசையில் வேலை செய்கிறது, உங்கள் சீரியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நமக்கு வருவது கேபிள். எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக டிஷ் வைத்துப் பிடித்து, ஃபைபர் வழியாக ஊர் ஊராக அனுப்பி, தெருவில் ஆம்ப்ளிஃபயர் போட்டுப் பிரிக்கிறார்கள். ஆக நமக்கு பில்ஸ்டேல் தீ என்றால் அது ஜே.சி.பி.தான். போன வருஷம் எங்கள் தெருவுக்கு வெளியே ரோட்டைத் தோண்டியவர்கள் ஒரே இழுப்பில் ஃபைபரை அறுத்தார்கள். டிவியும் போச்சு, நெட்டும் போச்சு, ரெண்டும் ஒரே குழியில்தான் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது. நாலு நாள். கேபிள்காரரும் ரோடுபோடுகிறவரும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய காலத்தில் படம் போனால் மாடி ஏறி, இலங்கை பக்கமா கொடைக்கானல் பக்கமா என்று பார்த்து நாமே திருப்புவோம். இன்றைக்கு யாரிடமாவது உன் வீட்டு டிவிக்குச் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் இருக்கிற ஓட்டையைக் காட்டுவார்கள்.

ரேடியோதான் வேறு கதை. திருநெல்வேலி வானொலி 1963-லிருந்து நமக்குக் கேட்டது, 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. மத்திய அலையில் கம்பம் ஆண்டெனாவைத் தூக்கிப் பிடிப்பதில்லை, கம்பமேதான் ஆண்டெனா. அடியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும், ஸ்டே கம்பியையும் துண்டு துண்டாக வெட்டி நடுவில் இன்சுலேட்டர் போட்டிருப்பார்கள், பூமிக்கடியில் சக்கர ஆரம் மாதிரி நாலாபுறமும் செம்புக் கம்பி புதைத்திருக்கும். 1197-க்கு அலைநீளம் 250 மீட்டர், அதில் கால் பங்கு சுமார் 63 மீட்டர் என்பதுதான் இப்படிப்பட்ட கம்பத்துக்கு அடிப்படைக் கணக்கு. அதனால் மேலே ஒன்றும் ஆகாமலேயே நிலையம் பலவீனமாகலாம்: எவனாவது செம்புக்கு ஆசைப்பட்டு மண்ணைத் தோண்டினால் போதும். தூத்துக்குடியின் 1053 நிலையம் 200 கிலோவாட், இலங்கையை மனதில் வைத்து அமைத்தது. எஃப்.எம். என்றால் கொடைக்கானல் 100.5, அது இவ்வளவு தெற்கே எட்டியதற்குக் காரணம் மலைதான், நட்ட கம்பம் இல்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று என்று நமக்கு வழி இருந்தது, ஒவ்வொன்றும் வேறு திசையிலிருந்து வந்ததால்.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஆட்கள் சிக்கிக் கிடந்தார்கள். அன்றைக்கு எந்த டவரும் சாய்ந்து நான் பார்க்கவில்லை. கரண்ட் போனது, செல்போன் டவரில் பேட்டரி தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகப் பாதை இல்லை, அவ்வளவுதான், கையில் போன் வைத்திருந்தும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். கம்பம் நின்றுகொண்டே செத்துப்போவது இதுதான். அப்போது பரணில் கிடந்த டிரான்சிஸ்டரை இறக்கி, மூன்று பேட்டரி போட்டு, எங்கள் தெருத் திண்ணையில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து தமிழ்ச் செய்தி கேட்டோம். வந்தவர்களில் பாதிப் பேர் "போனில் ரேடியோ இருக்குமே" என்றார்கள். பல போன்களில் இப்போது எஃப்.எம். இல்லை, அல்லது மூடி வைத்திருக்கிறார்கள். அதே 2023 ஏப்ரலில்தான் மத்திய அரசு போன் கம்பெனிகளிடம் எஃப்.எம்.மைத் திறந்து வையுங்கள் என்று அறிவுறுத்தியிருந்தது. இருக்கிற போனிலும் வயர் உள்ள இயர்போனைச் செருகினால்தான் கேட்கும், அந்த வயர்தான் ஆண்டெனா. புளூடூத்தைக் காதில் மாட்டிக்கொண்டு எஃப்.எம். வரவில்லை என்று அன்றைக்கு ஒருவர் என்னிடமே கேட்டார்.

மதினியிடம் சொல்லுங்கள், புதுக் கம்பம் வந்தாகிவிட்டது, இன்னும் சில சேனல் வரவில்லை என்றால் டிவியை முதலிலிருந்து ரீட்யூன் செய்யட்டும், அதாவது சேனல்களை மறுபடி தேட விடட்டும். அந்த ரெண்டு வருஷத்தில் யாராவது வந்து ஆண்டெனாவை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தால் அதையும் பழையபடி திருப்பச் சொல்லுங்கள், அதுதான் பலர் மறப்பது.

இனி ஆச்சி வீட்டுக் கம்பம். பிடுங்க வேண்டாம். உச்சியில் இருக்கிற அலுமினிய ஆண்டெனாவை மட்டும் இறக்குங்கள், பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறதா என்று ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்துவிட்டு; நீளமான பைப் சாய்ந்து லைனில் பட்டு உயிர் போனதெல்லாம் இந்தத் தொழிலில் உண்டு. மேல் பைப்பையும் கழற்றிவிட்டு, அடி பைப்பில் இடுப்பு உயரத்தில் ஒரு டிஷ் மாட்டுங்கள். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. தமிழ் சேனல்கள் குறைவுதான், கனத்த மழையில் படம் உறையும், ஆனால் ஜே.சி.பி.க்கு எட்டாத வழி. அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, 93.5 டிகிரி கிழக்கு. அம்பாசமுத்திரத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வடக்கிலிருந்து 118 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. அதே மாடியிலிருந்து பிதுருதலாகலவுக்குத் திசை 117. ஆக 40 வருஷத்துக்கு முன்னால் யாரோ ரூபவாஹினிக்காகத் திருப்பி வைத்த அந்த ஆண்டெனா இன்னும் அசையாமல் இருந்தால், டிஷ்ஷுக்குத் திசை தேட காம்பஸே வேண்டாம், அது காட்டுகிற பக்கத்தை இறக்கும் முன்பே குறித்து வைத்து, அந்தப் பக்கமே திருப்புங்கள். ஏற்றம் மட்டும் 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. இது ஆஃப்செட் டிஷ், அதாவது சிக்னல் வாங்குகிற தலை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிற தட்டு என்பதால், பார்வைக்கு அவ்வளவு மல்லாந்து படுத்திருக்காது, அதைப் பார்த்துக் குழம்பாமல் சிக்னல் மீட்டரைப் பார்த்து வையுங்கள்.